துணைக்கு ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க

போன தடவை உங்கள் கம்பெனிக்கு நான் வந்திருந்தபோது, ஆப் வடிவமைக்கிற உங்களில் ஒருவர் கேட்டார்: "டீச்சர், ஸ்கிரீன் வரையறதுக்கு முன்னால, அதைப் பயன்படுத்தப் போறவங்க கதையைச் சொல்லு, சொல்லுன்னு சொல்றீங்க. அதுக்கெல்லாம் எங்களுக்கு எங்க நேரம் இருக்கு?" எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நியாயமான கேள்விதான். நேரமே இல்லாத ஒரு வாரத்தில் எனக்கு நடந்ததைச் சொன்னால்தான் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். அதனால் எழுதுகிறேன்.

என்னை ஏன் எல்லாரும் டீச்சர் என்கிறார்கள் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் உண்மையிலேயே டீச்சர்தான். அருமனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளம் குறைவு. கதை சொல்வதில் மட்டும் குறை வைத்ததில்லை. கோடை விடுமுறையில் எங்கள் கிறிஸ்தவ சபையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். அதில் கழுதைக்கு ஒரு குரல், ராஜாவுக்கு ஒரு குரல், புயலுக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் பேசுவேன். மார்த்தாண்டத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்த ஒருவர், தன் மகளை அங்கே கொண்டுவிட வந்தபோது வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். "டீச்சரே, பிள்ளைகளுக்குக் கதை சி.டி. போடப் போறோம். உங்க குரல் வேணும்" என்றார். கதை சொல்வதற்குக் கூலி கிடைக்கும் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. அது 2004. அப்படித்தான் நாற்பது வயதில் இந்தத் தொழிலுக்குள் வந்தேன்.

முதல் சி.டி.யில் ரப்பர் தோட்டத்தில் வழிதவறிப்போன ஒரு கன்றுக்குட்டியின் கதை. நானே கட்டிய கதை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'அடுத்து' என்று ஓர் அம்புக்குறி வைத்திருந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்தோம். ஒருத்தி அம்புக்குறியைத் தொடவே இல்லை. மவுஸை வைத்துக் கன்றுக்குட்டியின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்பை அமுக்கு மக்கா" என்றார் முதலாளி.

"எனக்கு அம்பு வேண்டாம். குட்டி எங்க போகுதுன்னு பாக்கணும்" என்றாள் அவள்.

அம்புக்குறியை எடுத்துவிட்டு, கன்றுக்குட்டியைத் தொட்டால் அது அடுத்த படத்துக்குள் ஓடுகிற மாதிரி மாற்றினோம். அதற்கப்புறம் எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பயன்படுத்துகிறவருக்கு ஏற்றபடி வடிவமைக்கிற இந்த வேலைக்கு யு.எக்ஸ். என்று ஒரு பேர் உண்டு என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின.

சி.டி. வியாபாரம் நாலு வருடம்கூட நிற்கவில்லை. அதற்குள் மீன்காரர் கையிலும் ரப்பர் வெட்டுகிறவர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. எங்கள் கம்பெனியும் போனுக்கு மாறியது. நம்பரை அடித்தால் ஒரு குரல் பேசும், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லும் அல்லவா, அந்த மாதிரியான சேவைகள். முதலாளி, புரோகிராம் எழுதுகிற அஜின், நான், இன்னும் மூன்று நான்கு பேர். என்ன கேள்வி கேட்பது, எந்த வரிசையில் கேட்பது, எந்த வார்த்தையில் கேட்பது என்பதெல்லாம் என் பொறுப்பு. குரலும் என்னுடையதே.

அப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரி எங்களிடம் வந்தது. பேர் வேண்டாம். இன்று அது வேறு கைக்குப் போய்விட்டது. ரத்தம், சிறுநீர், கட்டி என்று எந்தப் பரிசோதனை செய்தாலும், அதன் முடிவைப் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் ஒரு சேவை வைத்திருந்தார்கள். நல்ல யோசனை. தேங்காய்ப்பட்டணத்தில் மீன் விற்கிற ஒரு பெண், ஒரு காகிதத்தை வாங்குவதற்காக இரண்டு பஸ் மாறி வந்து ஒரு நாள் வியாபாரத்தை விட வேண்டியதில்லை. ரசீதில் இருக்கிற எண்ணைப் போனில் அடித்தால் போதும். ஆனால் அந்தச் சேவையைச் செய்துகொடுத்தது ஒரு பட்டணத்துக் கம்பெனி. "தாங்கள் நேரில் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்று கோர்ட்டு சம்மன் மாதிரி ஒரு குரல். ஜனங்கள் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்கள். குரலை மாற்றித் தாருங்கள் என்றார்கள் எங்களிடம்.

சேவை நடந்த விதம் எளிதானது. முடிவு சரியாக இருந்தால், சரியாக இருக்கிறது என்று போன் சொல்லும். வேறு எதுவாக இருந்தாலும் நேரில் வரச் சொல்லும். கெட்ட செய்தியைப் போனில் சொல்லக்கூடாது என்பதில் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் உறுதியாக இருந்தார். எங்கள் எல்லாருக்கும் அது சரியென்றே பட்டது. இன்றைக்கும் சரிதான்.

நான் அந்த வரியை நம் ஊர்ப் பேச்சில் மாற்றி எழுதினேன். "உங்க ரிசல்ட் வந்திருக்கு. ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரைப் பாருங்க. துணைக்கு ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க." கடைசி வாக்கியம் நானாகச் சேர்த்தது. தனியாக வந்து யாரும் திண்டாடக் கூடாதே என்ற நினைப்புதான். அழுகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் அதைச் சொல்லிப் பதிவு செய்தோம். பெரிய டாக்டர் கேட்டுவிட்டு, "இது போதும், மனுஷக்குரல்" என்றார்.

அடுத்த மாதமே போன் செய்கிறவர்கள் கூடினார்கள். பாதியில் வைப்பவர்கள் குறைந்தார்கள். அஜின் எடுத்துத் தந்த அறிக்கையில் முக்கால்வாசிக்கு மேல் 'வெற்றி' என்று வந்தது. கடைசி வார்த்தை வரை கேட்டுவிட்டு வைத்தால் அதற்குப் பெயர் வெற்றி. பெரிய டாக்டருக்குச் சந்தோஷம். தேங்காய்ப்பட்டணத்தில் ரத்தம் எடுக்கிற ஒரு சின்ன நிலையம் திறந்து, இந்தப் போன் சேவையையும் அங்கே பெரிதாக அறிவிப்பது என்று முடிவானது. 'எல்லாப் பரிசோதனை முடிவும் உங்கள் போனிலேயே' என்று போஸ்டர் அடித்து ஒட்டியும் விட்டார்கள். வரும் சனிக்கிழமை திறப்பு.

அந்தத் திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியில் லேப் பொறுப்பில் இருந்த ஷீலா என்னைக் கூப்பிட்டாள். என் வயதுதான் அவளுக்கும். வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"டீச்சரே, நேர்ல வரச் சொன்னவங்க வரமாட்டேங்காங்க."

"முன்னாலயும் அப்படித்தானே?"

"முன்னாலயாவது பாதிப் பேரு வந்தாங்க. இப்பொ அதுவும் இல்ல. அதில பாதிக்கு மேல சின்னச் சின்ன விஷயம். சுகர் கொஞ்சம் கூடுதல், ரத்தம் உறைஞ்சு போச்சு, மறுபடி எடுக்கணும், அவ்வளவுதான். ஏன்தான் வரமாட்டேங்காங்களோ."

முதலாளியிடம் சொன்னேன். "ஜனங்க மறந்திருப்பாங்க டீச்சரே. ஞாபகப்படுத்த இன்னொரு தடவை கம்ப்யூட்டரே கூப்பிடுற மாதிரி வைப்போம்" என்றார். அஜின் அதற்கு ஒரு நாள் போதும் என்றான். அதைச் செய்திருந்தால் சனிக்கிழமை எந்தச் சிக்கலும் இல்லாமல் போயிருக்கும். ஆனால் மறந்துபோவதற்கு இது மின்சார பில் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. ஒரே ஒருவரையாவது நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "சனிக்கிழமை திறப்பு. நீங்க ஊர் சுத்தப் போறேங்கிய" என்றார். போகாதே என்று மட்டும் சொல்லவில்லை.

ஷீலா, தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு வீட்டுக்குப் போன் செய்து, வரலாமா என்று கேட்டாள். போனை எடுத்த பெண், வாருங்கள் என்றாள். அவள் கணவர் பேர் ததேயுஸ். பதினைந்து வருடமாகக் கல்ஃபில் வேலை. லீவில் வந்த இடத்தில் கழுத்தில் ஒரு வீக்கம். எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்திருந்தார்கள். எடுத்தது சோதனைக்குப் போதவில்லை. மறுபடி எடுக்க வேண்டும். ஷீலா 'நேரில்' என்று குறித்துவிட்டாள். மெஷினில் இருந்ததே அந்த இரண்டு வழிதான், 'சரி' அல்லது 'நேரில்'.

மறுநாள் காலையில் நானும் ஷீலாவும் போனோம். துறைமுகத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் வீடு. கீழ்த்தளம் வெள்ளையடித்து இருந்தது. மேலே மாடி பாதியில் நின்றது. ததேயுஸ் கைலியைச் சரிசெய்துகொண்டே சிரித்த முகமாக வந்து வரவேற்றார். கட்டிலின் மேல் பாதி அடுக்கிய பெட்டி. வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் பிளேன் ஏறுகிறாராம். அவர் மனைவி மேரி, "இரியுங்கோ, கட்டன் சாயா போடுதேன்" என்று உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் அவர் எழுந்தார். "வாங்க, மேல வேலை நடக்குது. பாத்துட்டு வருவோம்."

ஜன்னல் வைக்காத அந்த மாடியறையில் கடல் சத்தம் பலமாகக் கேட்டது. ததேயுஸ் படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு ஷீலாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"எவ்வளவு நாளு இருக்கும்?"

"எது அண்ணே?"

"எனக்குத்தான். ஒளிக்க வேண்டாம். டிசம்பர் வரைக்கும் தாங்குமா? அதுக்குள்ள இந்த மாடிய முடிச்சிட்டா, வாடகைக்கு விட்டு அவ பொழைச்சுக்கிடுவா. அவகிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்கேன்."

ஷீலா பதறிப்போனாள். "அண்ணே, உங்க ரிசல்ட்டே வரல்ல. ஊசியில எடுத்தது காணாது. இன்னொரு தடவை எடுக்கணும். அதுக்குத்தான் வரச் சொன்னது."

அவர் நம்பவில்லை. ஒரு பெரியவர் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுக்குத்தான்னா அந்தப் பிள்ளை போன்ல அவ்வளவு பாசமா பேசுமா? துணைக்கு ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுது. நல்ல காரியத்துக்கு யாராவது துணைக்கு ஆள் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்களா? கல்ஃப்ல நாங்க தங்குற கேம்ப்ல ஒருத்தனுக்கு ஊர்ல அப்பன் செத்துட்டான்னு போன் வந்தா, நாங்க அவன்கிட்ட உடனே சொல்ல மாட்டோம். முதல்ல பக்கத்துல இருத்தி பாசமா பேசுவோம். அந்தப் பேச்சு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அந்தப் பிள்ளை நான்தான் அண்ணே" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதான் பாத்தேன். வாசல்ல நீங்க பேசினப்போவே எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு நெனச்சேன்."

'உங்களுக்கு ஒண்ணும் இருக்காது அண்ணே, பயப்படாதீங்க' என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்ல எனக்கு நன்றாக வரும். அதற்கேற்ற குரலும் என்னிடம் உண்டு. ஆனால் அவருக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? கழுத்தில் வீக்கம் இருந்தது உண்மை. அவர் மூன்று நாளில் கடல் கடந்து போய்விடுவார் என்பதும் உண்மை. நான் தேற்றினால், பாசமாகப் பேசுகிறாள் என்று மறுபடியும் அதையே நினைப்பார்.

எனவே சாதாரணமாகப் பேசினேன். "அண்ணே, உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. ஷீலாவுக்கும் தெரியாது. டாக்டருக்கும் இன்னும் தெரியாது. கெட்டதாவும் இருக்கலாம், ஒண்ணுமில்லாமலும் போகலாம். மறுபடி ஊசி போட்டு எடுத்தாத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை நீங்க போயிட்டா யாருக்குமே தெரியாமப் போயிரும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தியமா தெரியாதா?"

"தெரியாது."

"இப்பத்தான் நீங்க மனுஷங்க மாதிரி பேசுதிய" என்றார்.

அப்போது படிக்கட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. மேரி தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. ததேயுஸ் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"ஒண்ணுமில்ல மேரி, இவங்க சும்மா..."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். தட்டைச் சுவரின் மேல் வைத்தாள். "சட்டை அலக்கும்போ பையில அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்துச்சு. நானும் அந்த நம்பரை அடிச்சேன். நானும் கேட்டேன்."

"பின்னே ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல?"

"நீங்க சிரிச்சிட்டே நடந்திய. உங்களுக்கு இன்னும் தெரியாதுன்னு நெனச்சேன். நான் வாயத் தொறந்தா நானே சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிருமேன்னு பேடிச்சேன்."

"தெரியாம நான் பிளேன் ஏறியிருந்தா?"

"ஏற மாட்டிய" என்றாள் மேரி. "பாஸ்போர்ட்டைக் காணல்ல, காணல்லன்னு ரெண்டு நாளா தேடுனிய இல்லியா? அது அரிசிப் பானைக்குள்ள கெடக்கு."

ததேயுஸ் முதலில் வாயைத் திறந்து மூடினார். அப்புறம் சிரிக்கத் தொடங்கியவர், சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேரியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஷீலாவும் நானும் கட்டன் சாயாவை எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டோம். அன்றைக்கே நான்கு பேரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுபடி ஊசி போட்டு எடுத்தார்கள். பயணத்தைத் தள்ளிவைக்க ததேயுஸ் அங்கிருந்தே டிராவல்ஸுக்குப் போன் செய்தார்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். புதன்கிழமை மாலை. பெரிய டாக்டரின் அறையில் அவர், எங்கள் முதலாளி, அஜின், ஷீலா, நான். பேர் சொல்லாமல் நடந்ததை அப்படியே சொன்னேன். மெஷினில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று பெரிய டாக்டர் நினைத்தார். அவர் மோசமான மனிதர் இல்லை.

"சரி, அந்த 'துணைக்கு' வரியை எடுத்திடுங்க. குரலையும் கொஞ்சம் சாதாரணமா வைங்க. சனிக்கிழமைக்குள்ள முடியும் இல்லையா?"

"முடியும்" என்றார் முதலாளி.

"எடுத்தாலும் போதாது டாக்டர்" என்றேன். "நல்லதுன்னா போன்லயே சொல்லுது. அப்படிச் சொல்லுற போனு, ஒருத்தருக்கு மட்டும் சொல்லாம நேர்ல வான்னா, அவருக்கு அதுதானே ரிசல்ட்? எந்தக் குரல்ல சொன்னாலும் அதுதான்."

"அப்போ என்னதான் செய்யணும்ங்கிறீங்க?"

நானும் ஷீலாவும் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னோம். கட்டிப் பரிசோதனை மாதிரியானவற்றைப் போன் சேவையிலிருந்தே எடுத்துவிட வேண்டும். நல்லதோ கெட்டதோ, ஊசி போடும்போதே எல்லாருக்கும் ஒரு நாள் குறித்துக் கொடுத்து, அன்றைக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்போது வரச் சொல்வதில் எந்தச் செய்தியும் இருக்காது. எடுத்தது போதவில்லை, ரத்தம் உறைந்துவிட்டது என்றால் அதை மறைக்க ஒன்றுமில்லை. லேபிலிருந்து ஒரு ஆள் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடலாம். சுகர் கூடியிருந்தால் கூடியிருக்கிறது என்று போனே சொல்லட்டும்.

முதலாளி என்னை முறைத்தார். "டாக்டர், போஸ்டர்ல எல்லா ரிசல்ட்டும்னு போட்டாச்சு. திறப்புக்கு மூணு நாளு. டீச்சர் ஒரு வீட்டைப் பாத்துட்டு வந்து பேசுறாங்க. வேணும்னா வேற குரல் வைச்சுக்கலாம்."

"வைக்கலாம்" என்றேன். "ஆனா அந்த வரிக்கு எனக்க குரல் வேண்டாம். இன்னைக்கே எடுத்திருங்க." வேலை போனால் அருமனைப் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ப்பார்களா என்றுகூட மனதுக்குள் ஓடியது.

பெரிய டாக்டர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டார். "அப்படி என்னதான் பயமா இருக்கு அதில? நான் கேட்டப்போ எனக்கு நல்லாத்தானே இருந்துது" என்று சொல்லி, தன் போனில் நம்பரை அடித்து ஸ்பீக்கரில் வைத்தார். ஷீலா ஒரு சோதனை எண்ணைச் சொன்னாள். என் குரல் அறை முழுக்கக் கேட்டது. "உங்க ரிசல்ட் வந்திருக்கு. ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து..."

அந்த நேரம் பார்த்து, நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரன் ஏதோ கையெழுத்து வாங்க உள்ளே வந்தார். முப்பது வருடம் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். எங்கள் பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. வாசலிலேயே நின்று கடைசி வரி வரைக்கும் கேட்டார். ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"யாருக்கு டாக்டர்? நம்ம ஸ்டாஃப்ல யாருக்காவதா?"

பெரிய டாக்டர் போனை அணைத்தார். "அஜின், அதை இப்பவே எடுத்திட முடியுமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை திறப்பு நடந்தது. போஸ்டர்களில் 'எல்லா' என்ற வார்த்தையின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள். போன் அழைப்புகள் குறைந்ததால் எங்கள் கம்பெனிக்கு வரவும் குறைந்தது. முதலாளி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் சொன்னது சரி என்று அவர் கடைசி வரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் அடுத்த வருடம் ஒரு கூட்டுறவு வங்கிக்காரர்கள் வந்தபோது, நான் கேட்காமலே, "முதல்ல எங்க டீச்சர் உங்க கவுன்டர் பக்கத்தில ஒரு வாரம் இருப்பாங்க. அதுக்கப்புறம்தான் மத்தது" என்றார். அதிலிருந்து அப்படியே ஆகிவிட்டது. தொடுதிரை போன்கள் வந்த பிறகு, படித்த பிள்ளைகள் பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்து இதற்கெல்லாம் அழகான பேர்கள் சொன்னார்கள். அவற்றையும் கற்றுக்கொண்டேன். நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் உங்களைப் போன்றவர்களுக்குத் தலைவியாகவும் இருந்து ஓய்வு பெற்றேன். கதை கட்டுவதில் இருந்த ஆசைதான் என்னை அங்கே வரைக்கும் கொண்டுபோனது.

எங்கள் அறிக்கையில் ததேயுஸின் அழைப்பு 'வெற்றி' என்று இருந்தது. மேரியின் அழைப்பும் வெற்றிதான். இரண்டு பேரும் கடைசி வார்த்தை வரை கேட்டிருக்கிறார்கள் அல்லவா? அந்தச் சேவைக்கு நாங்கள் வரைந்த படம் போனை வைத்ததோடு முடிந்துபோனது. அவர்கள் கதை அங்கே இருந்துதான் தொடங்கியது. நேரம் இல்லை என்கிற வாரத்தில்தான் நாம் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வோம். எனவேதான் கேட்கிறேன், உங்கள் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு அந்த ஆள் போனை மேஜைமேல் வைத்தார் என்று வையுங்கள். அதற்கப்புறம் அவர் யாரிடம் போய் என்ன சொன்னார்? அதைச் சொல்ல முடியாவிட்டால் இன்னும் வரையத் தொடங்காதீர்கள்.

ததேயுஸ் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருக்குக் குறித்துக் கொடுத்த நாளில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். புது ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். இரண்டு பேரும் டாக்டர் அறைக்குள் போய் ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார்கள். மேரியின் கண் சிவந்திருந்தது.

"டீச்சரே, நான் நெனச்ச அதேதான், கேன்சர்" என்றார் ததேயுஸ். "தைராய்டுல. ஆனா இந்த வகைக்கு ஆபரேஷன் செஞ்சா சுகமாயிருமாம். டாக்டர்கிட்ட ஒண்ணொண்ணா கேட்டோம். இவ நான் நெனச்சே பாக்காத கேள்வியெல்லாம் கேட்டா. எல்லாத்துக்கும் அந்த ஆளு பதில் சொன்னாரு. அன்னைக்குப் போன்ல அதைக் கேட்டப்போ, யாருகிட்ட போய் என்ன கேக்கன்னே தெரியல்ல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்து இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். எதிரே ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். புட்டும் பயறும் வந்தது. நன்றாகச் சாப்பிட்டார்கள்.

பாதிச் சாப்பாட்டில் ததேயுஸ், "அம்மைகிட்ட எப்பிடி சொல்ல?" என்று கேட்டார். அவருடைய அம்மா அவர்களோடுதான் இருந்தார். "டீச்சரே, வார்த்தை எழுதுதது உங்க தொழில் அல்லவா? நீங்க சொல்லுங்க. எப்பிடித் தொடங்கணும்?"

"எனக்குத் தெரியல்ல அண்ணே" என்றேன். "உங்க அம்மையை எனக்குத் தெரியாதே."

மேரி கொஞ்சம் யோசித்தாள். "இன்னைக்கு நெய்மீன் வாங்குவோம்" என்றாள். "குழம்பு வெச்சு, அம்மை வயிறு நெறைய சாப்பிட்ட பெறவு, வெத்தல போட இருப்பாங்க இல்லியா, அப்பொ சொல்லுவோம். ஒளிக்காம சொல்லுவோம். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்து சொல்லுவோம்."

யார் முதலில் பேசுவது என்று பஸ் வரும் வரைக்கும் அவர்கள் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். நான் அதில் தலையிடவில்லை.

ஆபரேஷன் திருவனந்தபுரத்தில் நல்லபடியாக முடிந்தது. அந்த விசா போய்விட்டது. ததேயுஸ் பிறகு கல்ஃபுக்குப் போகவில்லை, துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறார். அன்று வீட்டில் என்ன நடந்தது என்று ரொம்ப நாள் கழித்து மேரியிடம் கேட்டேன். அம்மை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஆபரேஷனுக்கு நானும் வாறேன், பஸ்ல ஜன்னலோரம் எனக்கு" என்று மட்டும் சொன்னாராம்.